பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க

"அவன் கடிச்சதை மட்டும் சொல்லவே கூடாது," என்றாள் தமிழ்செல்வி.

மத்திகிரி பஸ் ஸ்டாப்பில் வெயில் ஏறிவிட்டிருந்தது. ஒன்பது வயது முனீஸ்வரன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு அக்காவின் இடுப்பில் முகம் புதைத்திருந்தான். லாரி கடக்கும்போதெல்லாம் அனுப்ரியா அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

நேற்று பள்ளிக்கூடத்திலிருந்து தமிழ்செல்விக்குப் போன் வந்தது. "ஓசூர் சென்டர்ல ஸ்பெஷல் டீச்சர் உங்ககிட்ட பேசணுமாம். பிள்ளையோட படிப்புக்குத் தனியா ஒரு திட்டம் போடணும். பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க." கம்பெனியில் மெஷின் சத்தத்துக்கு நடுவே சரிங்க சரிங்க என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

அப்போதிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "வீட்லயே வெச்சுக்கச் சொல்லத்தான் கூப்புடறாங்க," என்று பக்கத்து வீட்டு வெங்கடம்மா வேறு சொல்லிவிட்டாள். புருஷன் சென்றாயன் லாரியில் போனால் எப்போது திரும்புவான் என்று தெரியாது. பையன் வீட்டில் இருந்தால் இவள் வேலையை விட வேண்டியதுதான். அதற்கு மேல் யோசிக்கவே பயமாக இருந்தது.

"நீ டீச்சர் மாதிரி கேளு. நான் பதில் சொல்றேன்."

ஏழாவது படிக்கும் அனுப்ரியா குரலை மாற்றிக்கொண்டாள். "பையன் தானா சாப்பிடுவானாம்மா?"

"சாப்பிடுவான் மேடம்."

"பொய்யி. நான்தான ஊட்டறேன்."

"அதைச் சொன்னா பள்ளிக்கூடத்துல வெச்சுக்குவாங்களாடி?"

"நான் கிளாஸ்லேர்ந்து வந்து ஊட்டிட்டுப் போறேன்னு சொல்லும்மா. பாத்ரூமுக்கும் நான்தான கூட்டிக்கினு போறேன். அவன் அழுதா மிஸ்சே என்னைத்தான் கூப்புடறாங்க."

பஸ் வந்து நின்றது. அனுப்ரியா முன்னால் ஓடி டிரைவரிடம் கேட்டாள். "அண்ணா, ஓசூர் பஸ் ஸ்டாண்ட் போவுமா?"

"போர்டுல போட்டிருக்குதே பாப்பா, ஏறு."

தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டால் தம்பி ஊரைக் கூட்டிவிடுவானே என்று கேட்கிறாள். இந்த வயதில் எவ்வளவு பொறுப்பு என்று தமிழ்செல்வி நினைத்துக்கொண்டாள். இவள் ஒருத்தியைப் பற்றியாவது கவலைப்பட வேண்டியதில்லை.

சென்டரில் ஸ்பெஷல் டீச்சர் சௌமியா நாற்காலி இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். தமிழ்செல்வி உட்காரவில்லை. வழியெல்லாம் பார்த்த ஒத்திகை ஒரு நொடியில் மறந்துபோனது.

"அவனை நிறுத்திடாதீங்க மேடம். ஒரு பையனைக் கடிச்சுட்டான், நெசந்தான். சத்தம் கேட்டா அவனுக்கு ஆவாது. மத்தபடி இவ பக்கத்துல இருந்தா ஒண்ணும் பண்ண மாட்டான். வேணும்னா இவளை அவன் கிளாஸ்லயே உக்கார வெச்சிடுங்க. இவ எப்படியும் படிச்சுக்குவா."

சௌமியா குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டாள்.

"முனீசை யாரும் நிறுத்தலம்மா. அவன் பள்ளிக்கூடத்துக்கே வரட்டும். பார்த்துக்க ஓர் ஆளும் போடச் சொல்லியிருக்கோம்."

தமிழ்செல்வி கையெடுத்துக் கும்பிட்டாள். அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டவளுக்கு லேசாகச் சிரிப்புகூட வந்தது.

"பின்ன எதுக்குங்க மேடம் வரச் சொன்னீங்க? நான் பயந்தே போயிட்டேன்."

சௌமியா அனுப்ரியாவின் பக்கம் திரும்பினாள். "நீயே சொல்றியாம்மா, நான் சொல்லட்டுமா?"

அனுப்ரியா தம்பியின் வாயோரம் வழிந்ததைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்த பிறகும் நிமிரவில்லை.

"எனக்குத்தாம்மா இன்னும் படிக்க வரல."