ஆய்வுக்கு வந்தவர்

ஜக்கம்மாளை முன்னால் உட்காரவைத்து, நரைத்த தலைக்கு எண்ணெய் தேய்த்து, சிக்கெடுத்து வாரிவிட்டாள் ஐரின். புதுச் சேலையின் முந்தானையைச் சரிசெய்தாள். முகத்தில் லேசாகப் பவுடர் போட்டாள்.

"நல்லாச் சாப்ட்டியா ஆத்தா? வெஞ்சனம் போதுமா?"

"பெத்த மககூட எனக்கு இம்புட்டுச் செஞ்சதில்ல தாயி." ஜக்கம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அழுகாத, பவுடர் கலைஞ்சுரும். அதிகாரி வர்ற நேரம். கேட்டா என்ன சொல்லுவ?"

"எனக்கு யாருமில்ல. ரெண்டு வருசமா இங்கதான் கெடக்கேன்."

"கெடக்கேன்னு சொல்லாத. இருக்கேன்னு சொல்லு."

அன்று காலையில்தான் டிரைவர் அழகர் வடமதுரைப் பக்கம் போய், ஒரு வேன் நிறைய வயசானவர்களை ஏற்றி வந்திருந்தான். சாயங்காலம் வரைக்கும் கட்டிலில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு ஆளுக்கொரு புதுத்துணி, திரும்பும்போது ஒரு பிரியாணிப் பொட்டலம்.

ஐரினின் மாமனார் ஸ்தனிஸ்லாஸ் திண்டுக்கல்லில் புகையிலை மண்டி வைத்துச் சம்பாதித்தவர். கடைசிக் காலத்தில் மகன் ஜெரோம் சொன்னபடி பங்களா, கடைகள், தென்னந்தோப்பு எல்லாவற்றையும் மனைவி அன்னாள் பெயரில் அறக்கட்டளை ஆக்கிவிட்டுக் கண்ணை மூடினார். முதியோர் இல்லம் நடத்துவது அதன் நோக்கம். சொத்து தருமத்துக்குப் போய்விட்டதால், ஜெரோமின் தங்கை அனிஷாவுக்குப் பங்கு என்ற பேச்சே எழவில்லை. வரியும் இல்லை.

தருமமும் குறைவில்லாமல் நடந்தது. ஜெரோம் ஓட்டியது டிரஸ்ட் கார். கொடைக்கானலில் படித்த மகனின் ஃபீஸ், ஏழை மாணவர் கல்வி உதவி. ஐரின் பல் கட்டிக்கொண்டது, இலவச மருத்துவ முகாம். முதியோர் இல்லத்தில் முதியோர் மட்டும்தான் இல்லை.

அது 2003. வரிவிலக்கைப் புதுப்பிக்கும் முன் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று வருமான வரி அதிகாரி சொல்லிவிட்டார். இல்லம் பொய் என்று தெரிந்தால் வரியோடு போகாது. அனிஷா மறுநாளே கோர்ட்டில் நிற்பாள். ஜெரோமுக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

வந்த அதிகாரி சிரிக்காத ஆள். இளநீரை வாங்கவில்லை. ஜெரோம் நீட்டிய ஃபைல்களைத் திறக்கவுமில்லை.

"அதெல்லாம் அப்புறம் பாக்கலாம். கக்கூஸ் எங்க இருக்கு?"

அவசரம் போலும் என்று ஜெரோம் கூட்டிப்போனான். அதிகாரி கதவைத் திறந்து, வெஸ்டர்ன் டாய்லெட்டைப் பார்த்தார். தரையைச் செருப்புக் காலால் தேய்த்தார்.

"ஈரம் பட்டா வழுக்குமா?"

"வழுக்காத டைல்ஸ் சார். பாத்துப் பாத்துப் போட்டது." தன் வசதிக்காகப் போட்டது என்பதை அவன் சொல்லவில்லை.

ஹாலில் வரிசையாகக் கட்டில்கள். அதிகாரி நேராக ஜக்கம்மாளிடம் போய் நின்றார்.

"எப்படியிருக்கீங்க?"

"எனக்கு யாருமில்ல. ரெண்டு வருசமா இங்கதான் இருக்கேன்." பிசகாமல் சொல்லி முடித்த சந்தோஷத்தில் ஜக்கம்மாள் மேலும் ஒரு வார்த்தை பேசினாள். "சாயங்காலம் வேனு வந்துரும்லய்யா? மாட்டுக்குத் தண்ணி காட்டணும்."

ஜெரோம் முந்திக்கொண்டான்.

"ஞாபக மறதிங்க சார். பழைய வீட்டு நெனப்பு. அந்த மாடு செத்து வருசக்கணக்காச்சு."

மாடு செத்துவிட்டது என்றதும் ஜக்கம்மாள் பதறிப்போய் வாயைத் திறந்தாள். ஐரின் அதற்குள் ஒரு சிறுமலை வாழைப்பழத்தை உரித்து ஊட்டிவிட்டாள்.

அதிகாரி அதைக் கண்கொட்டாமல் பார்த்தார். "மறதி உள்ளவங்களையும் சேத்துக்கிறீங்களா?"

"அவங்களுக்குத்தான் சார் மொத எடம்."

"ராத்திரியில எந்திரிச்சு நடப்பாங்களே. யாரு பாத்துக்குவா?"

"நான்தான் சார். என்னைப் பெத்தவளாட்டம் பாத்துக்கிறேன்," என்றாள் ஐரின்.

"மாசாமாசம் எம்புட்டு வாங்குறீங்க?"

ஆடிட்டர் ஜெரோமிடம் முன்கூட்டியே எச்சரித்த கேள்வி இது. "ஒத்தப் பைசா வாங்குறதில்ல சார். ஒருத்தர் உள்ள வந்துட்டா, கடைசி வரைக்கும் எங்க பொறுப்பு."

"நடுவுல முடியாதுன்னு திருப்பி அனுப்பிற மாட்டீங்களே?"

"அந்தப் பேச்சுக்கே எடமில்ல சார்."

"எழுதிக் குடுப்பீங்களா?"

ஜெரோம் நின்றபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டான். அதிகாரி வாங்கி இருமுறை படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, விலக்குக்கான காகிதத்தில் தானும் கையெழுத்திட்டார். அப்போதுதான் அவர் முகம் தெளிந்தது.

"எத்தனையோ இல்லம் ஏறி எறங்கிட்டேன். இதுதான் சரியான எடம்."

ஜெரோமுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வேனைப் பின்வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லி அழகருக்குச் சாடை காட்டிவிட்டு, தேங்காயும் பழமும் நிறைந்த கூடையைத் தானே தூக்கிக்கொண்டு அதிகாரியின் பின்னால் நடந்தான். உள்ளே ஐரின் போர்வைகளை உருவ ஆரம்பித்திருந்தாள்.

அதிகாரி காரின் பின்கதவைத் திறந்தார். கூடையை வைக்கத்தான் என்று ஜெரோம் கிட்டே போனான். அவரோ கூடையைத் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே குனிந்து, தணிந்த குரலில் சொன்னார்:

"எறங்கும்மா, எடம் கெடச்சிருச்சு."