சாத்தா, சாட்டா?

"இந்தக் கூத்தைக் கேளுங்கோ டாக்டர்" என்று ஃபைலும் கையுமாக ஹாலுக்கு வந்தார் பட்டாபிராமன்.

டாக்டர் ராஜஸ்ரீ மராத்திக்காரர்; புனே பக்கம் சிஞ்ச்வட்டில் அதே கட்டடத்தில் இரண்டாவது மாடி. பட்டாபிராமன் கொரோனாவோடு அறைக்குள் அடைந்து கிடந்த பதினேழு நாளும் வைத்தியம் பார்த்தவர். ஆள் பிழைத்து எழுந்த சந்தோஷத்தில் இன்று அவருக்கு விருந்து. சியாமளா உள்ளே பாயசம் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"சிஞ்ச்வட் வந்து இருபத்தாறு வருஷம் ஆச்சு. என் பெண்டாட்டிக்கு இன்னும் ஹிந்தியிலே எண்ணத் தெரியலை."

இதை டாக்டருக்காக அவர் ஹிந்தியில்தான் சொன்னார். அவருடைய ஹிந்தியை அப்படியே எழுதினால் பத்திரிகை தாங்காது. அதனால் தமிழில் தருகிறேன்.

"ஃபைலை அடுக்கறச்சே இப்பத்தான் பார்த்தேன். ஆறாம் நாள் ரிப்போர்ட். சி.ஆர்.பி. எவ்வளவு போட்டிருக்கு பாருங்கோ."

"அறுபது" என்றார் டாக்டர்.

"லேப்காரர் சுனில் போன்ல 'சாட்'னு சொல்லியிருக்கார். அறுபது. இவ காதுல அது 'சாத்'னு விழுந்திருக்கு. 'ஏழுதான், கவலையே படாதீங்கோ'ன்னு கதவுக்கு வெளியிலேர்ந்து கத்தறா."

சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது.

மனிதர் வண்டி உதிரிபாகக் கம்பெனியில் முப்பது வருஷம் தர ஆய்வாளர். எண்களைத் தவிர எதையும் நம்பமாட்டார். உடம்புக்குள் எவ்வளவு அழற்சி என்று காட்டும் ரத்தப் பரிசோதனை இந்த சி.ஆர்.பி. என்று தெரிந்ததும், கட்டிலுக்கு மேலே ஒரு அட்டவணையே ஒட்டிவிட்டார். பக்கத்துக் கட்டடத்து மாதவ் இறந்துபோனபோது அவருக்கு சி.ஆர்.பி. அறுபத்திரண்டு என்று யாரோ சொல்லியிருந்தார்கள். போதாதா? ஐம்பதைத் தாண்டினால் தன் கதை முடிந்தது என்று அவராகவே தீர்மானித்து, பீரோ சாவி எங்கே, பாலிசி எங்கே என்று நோட்டில் எழுதத் தொடங்கியிருந்தார். சாப்பாடு இறங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் கதவுக்கு வெளியிலிருந்து "ஏழு" என்று சத்தம் வந்தது.

"அப்புறம் பார்க்கணுமே. நோட்டை மூடிட்டேன். மூணு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். நீங்க சொன்னபடி குப்புறப் படுத்துண்டேன். கோயம்புத்தூர்ல இருக்கற தம்பியை வீடியோவிலே கூப்பிட்டு அரை மணி கலாட்டா பண்ணினேன். உள்ளே அறுபதை வச்சுண்டு."

சியாமளா பாயசத்தோடு வந்தாள்.

"என்னடி, இப்பவாவது சொல்லு. சாத்தா, சாட்டா?"

"எனக்கென்ன தெரியும்? எல்லாம் ஒரே மாதிரிதான் கேக்கறது" என்றாள் அவள், டம்ளரை வைத்தபடி. "ஆறிடப்போறது, குடியுங்கோ."

அப்பளம் பொரிக்க உள்ளே போய்விட்டாள்.

பட்டாபிராமன் குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டார்.

"விளையாட்டுக்குச் சொல்றேன்னு நினைக்காதீங்கோ டாக்டர். நல்லவேளை, லேப்லேர்ந்து ரிப்போர்ட்டை நீங்களே நேரா வாங்கிப் பார்த்து அன்னிக்கே மாத்திரையை மாத்தினேள். இவ பேச்சை நம்பி நீங்களும் ஏழுன்னு இருந்திருந்தா, இன்னிக்கு இந்தப் பாயசத்தைக் குடிக்க நான் இருந்திருக்க மாட்டேன். இப்படி ஒரு அசட்டுப் பெண்டாட்டி."

டாக்டர் பாயசத்தை ஒரு வாய் குடித்தார். சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை."

"என்ன டாக்டர்?"

"லேபிலிருந்து அன்றைக்கு எனக்கு எதுவும் வரவில்லை, பட்டாபிஜி. மொட்டைமாடிக்குப் போய் நின்றுகொண்டு சியாமளாதான் போன் செய்தார். 'சி.ஆர்.பி. அறுபது, உடனே மருந்தை மாற்றுங்கள். அவரிடம் ஏழு என்று சொல்லியிருக்கிறேன், நீங்களும் ஏழு என்றே சொல்லுங்கள், இல்லையென்றால் பயத்திலேயே போய்விடுவார்' என்று அழுதார். ஒரு எழுத்துகூடத் தப்பில்லாத மராத்தியில்."