ஹில்டாப் மிக்சரின் கடைசி டப்பா

ஆக்னல் மறுபடியும் கொட்டாவி விட்டார். அதையும் வாயைத் திறக்காமல், தாடையை மட்டும் தாழ்த்தி விட்டார். பிறகு மூக்கருகே பிடித்திருந்த தகர டப்பாவைப் பார்த்து, இல்லை என்பதுபோல் தலையசைத்தார்.

"கூக்கால் ஊருல பஸ்ஸுக்குக் காத்துக் கெடந்து வந்திருக்கேன். இவன் என்னடான்னா கொட்டாவி விடுறான்!" என்றார், சன்னலுக்கு வெளியே நின்ற கந்தவேல்.

"சும்மா இருலே! நர்ஸம்மா சொன்னபடிதான் செய்யுறான்," என்று அதட்டினார் அருகில் நின்ற பொன்னுவேல்.

குரல்வளைப் புற்றுநோய்க்காகச் சென்ற ஆண்டு மதுரையில் ஆக்னலுக்கு அறுவை நடந்தது. அன்றுமுதல் அவருடைய மூச்சு, கழுத்தில் இட்ட துளை வழியே போய்வருகிறது. மூக்குக்குக் காற்று எட்டாததால், மணம் என்பதே அவருக்கு இல்லாமற்போயிற்று. வாயை மூடிக்கொண்டு கொட்டாவி விட்டால் மூக்கில் சிறிது காற்று ஏறும் என்றும், பழகப் பழக மணம் திரும்பக்கூடும் என்றும் செவிலியர் கற்றுக்கொடுத்திருந்தார்.

மல்லிகை, காப்பித்தூள், சாம்பிராணி என எதை முகர்ந்தும் பயனில்லை. "ஹில்டாப் மிக்சர் ஒண்ணுதான் பாக்கி. அதுவும் தெரியலேன்னா விட்டுடுவேன் ஹெப்சி. ஆஸ்பத்திரிக்கும் இனிமே வரமாட்டேன்," என்று, கழுத்தில் வைத்துப் பேசும் கருவியால் மனைவியிடம் சொல்லிவிட்டார்.

ஹில்டாப் மிக்சர் என்பது சுங்கான் என்னும் புகைக்குழாயில் திணித்துப் புகைக்கும் புகையிலைக் கலவை. நண்பர் மூவரும் வாழ்நாளெல்லாம் அதையே புகைத்தவர்கள். அதைத் தயாரித்த நிறுவனமோ, ஒரு வரி அறிவிப்புக்கூட இல்லாமல், ஏனென்று கேட்டவர்களுக்கு மறுமொழியும் தராமல் அதை நிறுத்திவிட்டது. இதுதான் வாடிக்கையாளருக்கு அவர்கள் காட்டிய மரியாதை! அலமாரியின் மூலையில், எப்போதோ திறந்து பாதி எடுத்த ஒரே ஒரு டப்பா ஆக்னலிடம் எஞ்சியிருந்தது.

"உங்க தொண்டையத் தின்னதையேவா மோந்து பாக்கணும்?" என்று அழுதார் ஹெப்சிபா. ஆயினும், வேறு வழியின்றி இசைந்தார். அட்டுவம்பட்டியில் உள்ள தங்கள் வீட்டுக்குள் மட்டும் யாரும் புகைக்கக் கூடாது என்பது அவருடைய ஆணை.

ஆகவே, நண்பர்கள் இருவரும் முற்றத்துப் பேரிக்காய் மரத்தடியில் நின்று புகைத்து, என்ன மணம் வருகிறது என்று சன்னல் வழியே கூவ வேண்டும். அதைக் கேட்டுக்கொண்டே ஆக்னல் டப்பாவை முகர வேண்டும். இதுவே ஏற்பாடு.

கந்தவேல் சன்னல் வழியே கையை நீட்டி, டப்பாவிலிருந்து இருவருக்குமாக ஒரு சிட்டிகை எடுத்தார். இலை விரலிடையே பொடியாய் உதிர்ந்தது. இருவரும் எப்படியோ சுங்கானில் திணித்துப் பற்றவைத்தனர்.

பொன்னுவேல் கண்களை மூடிக்கொண்டார். "மொத இழுப்புல பிளம்ஸ் வத்தல் வாசம்லே! பின்னாடியே மழையில நனைஞ்ச மரப்பட்டை!"

"பிளம்ஸா? ஒன் மூஞ்சி! பஞ்சாமிர்தத்துல பேரீச்சம்பழம் கெடக்குமே, அந்த வாசம்."

"உனக்கு எதை இழுத்தாலும் பழனி மலையிலதான் போயி நிக்கும்."

"கொஞ்சம் பொறு. இந்தா, இப்ப ஏலக்கா வருது!"

"அடியில புதுத் தோல் செருப்பு! ஏலே ஆக்னலு, பிடிபடுதா?"

ஆக்னல் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கொட்டாவி விட்டார். கண்ணில் நீர் வந்ததே தவிர, மூக்கில் ஒன்றும் வரவில்லை. வெளியே சுங்கான்கள் இரண்டும் வழக்கத்தைவிட விரைவாக எரிந்து அடங்கின.

அவர் டப்பாவை மூடிக் குப்பைக்கூடையில் போட்டார். கருவியை எடுத்துக் கழுத்தில் வைத்தார்.

"உங்க ரெண்டு பேருக்கும் இம்புட்டு வாசம் வருது. எனக்கு ஒண்ணுமே இல்ல. என் மூக்கு செத்துப்போச்சுடா. கெளம்புங்க."

நாற்காலியைச் சுவரின் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். நண்பர்கள் தலை குனிந்து நடந்தனர். தேநீருக்காக வீட்டின் பின்கோடியில் உள்ள அடுப்படியில் பால் வைத்திருந்த ஹெப்சிபா, அவர்கள் போவதைக் கண்டு வாயிற்கதவுவரை ஓடிவந்தார்.

"இனிமே அவரை எப்படிண்ணே மதுரைக்குக் கூட்டிட்டுப் போவேன்?"

 பொன்னுவேல் கந்தவேலின் பக்கம் திரும்பி மெல்லக் கேட்டார்: "ஏலே கந்தா, நெசமாவே உனக்குப் பஞ்சாமிர்தம் வந்துச்சா?"

"எங்கிட்டு வந்துச்சு? சருகு எரிஞ்ச மாதிரில்ல இருந்துச்சு. நீ பிளம்ஸுன்னே. எனக்கு மட்டும் தெரியலேன்னு எப்படிச் சொல்ல?"

"எனக்கும் ஒரு மண்ணும் தெரியலடா. காஞ்சு சக்கையாப் போயிருக்கு. ஆனா, ஹில்டாப் மிக்சருல மணம் இல்லேன்னு எந்த வாயால சொல்லுறது?"

ஹெப்சிபா நெஞ்சில் கை வைத்தார். "அடப்பாவிகளா! செத்தது பொகையிலயா? தன் மூக்குன்னுல்ல அவரு நெனச்சுட்டாரு! போயிச் சொல்லுங்க."

"இப்பச் சொன்னா நம்புவானா தங்கச்சி? ஆறுதலுக்குப் பொய் சொல்லுறோம்னுதான் நெனைப்பான்."

அது உண்மை. இத்தனை மணங்களை அள்ளி விட்டவர்களின் வாயிலிருந்து, மணமே இல்லை என்னும் மெய்யை இனி எவர் நம்புவார்? ஹெப்சிபா கதவைப் பிடித்துக்கொண்டு விம்மினார்.

அப்போது, வீட்டின் முன்னறையிலிருந்து, ஏற்ற இறக்கமற்ற அந்தக் கருவியின் குரல் உரக்கக் கேட்டது.

"ஹெப்சி! அடுப்புல பால் தீயுது!"