ஆவாரை வாடவில்லை

வாசலில் நிற்கும் செடியின் இலை வாடினால்தான் அந்த வீட்டுக்குத் தண்ணீர் என்பது சட்டம். மனிதர்கள் பொய் சொல்வார்களாம், இலை சொல்லாதாம். செடிகளைக் குலுக்கல் போட்டுக் கொடுத்தார்கள். எதிர்வீட்டுக்குக் காசித்தும்பை விழுந்தது. ஒருநாள் வெயிலுக்கே அது தலையைத் தொங்கப்போடும். உடனே நான்கு குடம் வந்துவிடும். சீனியம்மாளுக்கு விழுந்ததோ ஆவாரை. எத்தனை வாரம் காய்ந்தாலும் இலைத்துளைகளை இறுக மூடிக்கொண்டு அது பச்சையாகவே நின்றது. உள்ளே, பிள்ளை பெற்று எட்டு நாளான மகளுக்குப் பால் சுரக்கவில்லை.

அலுவலர் இன்பசேகர் இலையில் கருவியை மாட்டினார்.

"செடி ஜம்முனு இருக்கேம்மா. உங்களுக்கு என்ன குறை?"

"எம் மக உதட்டைப் பாருங்க சார், வெடிச்சுக் கிடக்கு."

"உதட்டுக்கெல்லாம் இந்தப் படிவத்துல கட்டம் இல்லம்மா."

"வாயில்லாததைத்தான் நம்புவீகளோ?"

அவர் தம் பாட்டிலைத் திறந்து நிதானமாகக் குடித்தார். சீனியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், மகளுக்காகக் கொதித்துக்கொண்டிருந்த கஞ்சியை, அந்த வீட்டின் கடைசித் தண்ணீரை, சட்டியோடு தூக்கிவந்து செடியின்மேல் கவிழ்த்தாள். இலைகள் வெந்து துவண்டன.

"இப்பப் பிடிச்சுப் பாருங்க."

கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. நான்கு குடம் என்று எழுதிய இன்பசேகரின் முகத்தில் அன்று முதன்முறையாக இரக்கம் தெரிந்தது.

"பாவம்," என்று அவர் ஆவாரையைத் தடவிக்கொடுத்தார்.