அத்தானின் புதுத் துவக்கு

"செமி ஓட்டோமற்றிக் கார்பைன். சோக்கான சாமான்! பாரமில்லை, தோளிலையும் உதைக்காது. பிடிச்சுப் பார்," என்றார் சுகந்தன்.

ஸ்ரௌவ்வில் நகருக்குப் பக்கத்துச் சுடுதளத்தில், ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த மனைவியின் தம்பி நிரோஜன் பின்வாங்கினான்.

"வேண்டாம் அத்தான். உதுகளை நான் தொட்டதேயில்லை."

"இதுக்குப் பழக்கம் தேவையில்லையடா. பச்சைப்பிள்ளை சுட்டாலும் படும்."

நிரோஜன் பயந்து பயந்து சுட்டான். எல்லாமே நடுவில் பட்டன.

சுகந்தனுக்குப் பெருமை தாங்கவில்லை. அவனைத் துவக்கோடு நிற்கவைத்துப் படமெடுத்து, பகிடியாக ஒரு வரியும் எழுதிப் பேஸ்புக்கில் போட்டார்.

அடுத்த மாதம், நிரோஜனின் அகதி விசாரணையில் அதிகாரி அந்தப் படத்தை நீட்டினார்.

"ஆயுதமே தொட்டதில்லை என்று சத்தியம் செய்தீர்கள். இதில் என்ன எழுதியிருக்கிறது?"

மொழிபெயர்ப்பாளர் முதலில் தமிழில் வாசித்தார்:

"ஊரிலை பழகின கை. குறி தப்புமோ?"