பல் தெரியும் சிரிப்பு

நகராட்சிக் கூட்டத்தில் இரண்டு மணி நேரமாக ஒரே விவாதம்: கடை ஊழியர்கள் வாயை மூடிக் கட்டாயம் அணியும் முகக்கவசத்தின் திரையில் ஓடும் சிரிப்பில் பல் தெரிய வேண்டுமா, வேண்டாமா? உறுப்பினர்களுக்குக் கவசத்திலிருந்து விலக்கு உண்டு. வெறும் வாயால் கத்திக்கொண்டிருந்தார்கள்.

ஜவுளிக்கடைப் பெண்களின் சார்பில் பேச வந்திருந்த செண்பகவல்லி ஓரமாக நின்றிருந்தாள். கடைசியில்தான் அவளைக் கூப்பிட்டார்கள்.

"அந்தச் சிரிப்பே வேண்டாம்னு சொல்லத்தான் வந்தேன். போன வாரம் எங்க கடையில ஜெசிந்தாவுக்கு நெஞ்சுவலி. வலியில வாய் கோணுது, வெளியில கவசம் சிரிக்குது. எதிர்ல உக்காந்திருந்தவங்க, 'அந்த மாம்பழக் கலரையும் எடும்மா'ன்னாங்க. எடுத்துப் பிரிச்சா. அந்தச் சேலை மேலயே சாஞ்சு செத்துப்போனாய்யா! அப்பவும் சிரிச்சுது!"

அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. கண்ணீருக்குக் கீழே அவளுடைய கவசம் பளிச்சென்று சிரித்தது. முன்வரிசையில் ஒருவர் பதிலுக்குச் சிரித்து வைத்தார்.

"ரொம்ப சந்தோஷம்மா," என்ற தலைவர் எழுத்தரிடம் திரும்பினார். "விதிப்படி பேச்சை இல்ல, முகத்தைத்தானே பார்க்கணும்? தொழிலாளர் தரப்பு மலர்ந்த முகத்தோட ஒத்துக்கிட்டதா எழுதிக்கோங்க."

செண்பகவல்லி கவசத்தைப் பிய்த்துத் தரையில் அடித்தாள். துடிக்கும் உதடும் ஒழுகும் மூக்குமாக அவளுடைய சொந்த முகம் வெளியே வந்தது.

தலைவர்தான் முதலில் முகத்தைச் சுளித்தார்.

"மூஞ்சிய மூடும்மா. பார்க்கச் சகிக்கல."