சங்கிலி போட்ட நாற்காலி

இந்தக் காலத்தில் எவனும் எவனையும் நம்புவதில்லை. நடக்க முடியாத என் மனைவி ஆட்டோவில் கிடக்கிறாள். சக்கர நாற்காலி கேட்டால், ஆஸ்பத்திரிக் காவலாளி கையை விரிக்கிறான்.

“முன்னெல்லாம் கேட்டவுடனே குடுப்பீங்களேய்யா?”

“குடுத்தோம் பெரியவரே. பத்து வருஷம் முன்ன ஒண்ணு போனது திரும்பி வரலை. அப்புறம் கையெழுத்து வாங்கினோம். அதுக்கப்புறம் அடையாள அட்டை கேட்டோம். போன வருஷம் மேலிடத்துல கமிட்டி போட்டு, உள்நோயாளிக்கு மட்டும்னு சங்கிலி போட்டுப் பூட்டச் சொல்லிட்டாங்க.”

“எவனோ ஒருத்தன் பண்ணதுக்கு ஊரே நடக்கணுமா?”

“மாத்தச் சொல்லி மனு எழுதிப் போடுங்க.”

“போட்டா மட்டும் கிழிச்சிடுவீங்களாக்கும்!”

அவளை முதுகில் தூக்கிக்கொண்டேன். டாக்டர் அறை கட்டடத்தின் அந்தக் கோடியில் இருந்தது. பாதி தூரத்திலேயே எனக்கு மூச்சு வாங்கியது.

அவள் என் காதருகே முனகினாள். “வீட்டுல இருக்கிற நாற்காலியையே கொண்டு வந்திருக்கலாம்ல?”

“மெதுவாப் பேசுடி. அதுல இந்த ஆஸ்பத்திரி பேரு எழுதியிருக்கு.”

“அப்போ திருப்பியாவது குடுத்துடுங்களேன். உடைஞ்ச உங்க கால்தான் எப்பவோ கூடிடுச்சே.”

“குடுத்தா எவனாவது வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடுவான்” என்று சொல்லிவிட்டு, அவளைச் சுமந்தபடி நடந்தேன்.